400 மில்லிகிராம்

இமாட்டினிப் என்ற மருந்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அது பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அது ஆய்வுக்கூடக் குடுவைக்குள் உருவானது 1990களின் தொடக்கத்தில். அது யாரைத் தேடிப் போகப்போகிறதோ அந்த ஆசாமியை மனிதக் கண் முதலில் பார்த்தது 1950களின் இறுதியில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில்.

அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் இரத்தப் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றுவதற்கு முன் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் புகுந்து செல்கள் உப்பின. உள்ளே முண்டியடித்துக் கிடந்த குரோமோசோம்கள் விரிந்து, தனித்தனியே எண்ணிப் பார்க்கும்படி ஆயின. மனிதருக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியாகியிருந்தது. நோவெலுக்கோ குரோமோசோம்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவரைத் தேடினார், அதே ஊரில் முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்ட் கிடைத்தார். நுண்ணோக்கியில் பழகிய ஹங்கர்ஃபோர்டின் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நாள்பட்ட மைலாய்டு லூக்கேமியா நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வால் அறுந்ததுபோல் குட்டையாக இருந்தது. 1960இல் 7 நோயாளிகளை வைத்து ‘சயின்ஸ்’ இதழில் இருவரும் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். அந்தக் குட்டைக்கு ஊரின் பெயரே நிலைத்தது: பிலடெல்பியா குரோமோசோம்.

மருத்துவமனை வராந்தாக்களில் இந்த நோய்க்கு சி.எம்.எல். என்று பெயர். சோர்வாக இருக்கும்; எடை குறையும்; மண்ணீரல் வீங்கி இடப்பக்க வயிறு கனக்கும். இரத்தப் பரிசோதனையில், மைக்ரோலிட்டருக்கு 11,000ஐத் தாண்டக் கூடாத வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். சில ஆண்டுகள் இப்படியே மெதுவாக ஓடும். பிறகு ஒருநாள் நோய் வெறிகொண்டு பாயும். அதன்பின் மாதக் கணக்குதான். 19ஆம் நூற்றாண்டில் ஆர்சனிக் கொடுத்தார்கள். அப்புறம் புசல்ஃபான், ஹைட்ராக்சியூரியா என்று வந்தன. அவை எண்ணிக்கையைக் குறைத்தனவே தவிர, நோயின் போக்கை மாற்றவில்லை. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டு. அதிலேயே உயிர் போகும் ஆபத்தும் உண்டு. தினமும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு, தினமும் ஃப்ளூ காய்ச்சல் வந்தவரைப்போல் படுத்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள்.

குட்டைக் குரோமோசோமின் தொலைந்த வால் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை 13 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளை வளர்த்தபடியே சிகாகோவில் பல ஆண்டுகள் பகுதிநேர வேலை பார்த்த மருத்துவர். ஒளிரும் சாயத்தால் குரோமோசோம்களில் பட்டைகளை வரவழைக்கும் புதிய முறையை ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். புகைப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான் தெரிந்தது: 22ஆம் குரோமோசோம் குட்டையான அதே செல்லில் 9ஆம் குரோமோசோம் கொஞ்சம் நீண்டிருந்தது. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பேர் ஆளுக்கொரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப்போல, இரண்டும் தம் முனைகளை மாற்றிக்கொண்டிருந்தன. எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. 1973இல் இது ‘நேச்சர்’ இதழில் வந்தது.

இடம் மாறினால் என்ன கெட்டுவிடும்? 1980களில் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இதற்குப் பதில் கண்டன. 9இலிருந்து பெயர்ந்து வரும் துண்டில் ஏபிஎல் என்ற மரபணு இருக்கிறது. அது 22இல் உள்ள பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. (கொரோனா காலத்தில் நாம் மூக்கைக் காட்டிய பரிசோதனைக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை.) ஏபிஎல் உருவாக்கும் புரதம் ஒரு நொதி, பிற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, ‘பெருகு’ என்று செல்லுக்குக் கட்டளை அனுப்பும் கூட்டத்தைச் சேர்ந்தது. இயல்பான ஏபிஎல் வேண்டும்போது விழித்து, மற்ற நேரம் தூங்கும். பிசிஆரோடு ஒட்டிப் பிறந்தது தூங்குவதே இல்லை. 1990இல் டேவிட் பால்டிமோரின் குழு இந்த ஒட்டு மரபணுவை எலிகளின் மஜ்ஜைக்குள் செலுத்தியபோது எலிகளுக்கு சி.எம்.எல். போன்ற நோயே வந்தது. ஒரே ஒரு பிழை போதும் என்பது அத்துடன் நிச்சயமாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெரும்பாலான புற்றுநோய்களில் பிழைகள் பத்து, நூறு என்று குவிந்து கிடக்கும். எது ஓட்டுநர், எது பயணி என்று பிரித்தறிவதே பெரும்பாடு. சி.எம்.எல். ஒரு பிழையில் ஓடும் நோய். துல்லிய மருத்துவம் தன் முதல் பெரிய வெற்றியை இங்கே பெற்றதில் திறமையோடு அதிர்ஷ்டமும் உண்டு. 2001இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் இமாட்டினிப் மாத்திரைகளை அட்டையில் போட்டு, புற்றுநோய்ப் போருக்குத் தோட்டா கிடைத்துவிட்டது என்ற தொனியில் கொண்டாடியபோது இந்த வேறுபாடு காணாமல் போனது. எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரு மாத்திரை வரிசையாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் பிறகு சோர்ந்ததற்கு அந்தக் கொண்டாட்டமும் ஒரு காரணம்.

பாசலில் சீபா-கெய்கி நிறுவனத்தில் அலெக்ஸ் மேட்டர், நிக்கோலஸ் லைடன் ஆகியோரின் குழு, இத்தகைய நொதிகளைத் தடுக்கும் வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. இந்த நொதிகள் எல்லாமே ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுப்பவை. அதற்காக எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான குழி உண்டு. ஒன்றை மட்டும் அடைத்து மற்றவற்றை விட்டுவிடும் மருந்து சாத்தியமே இல்லை என்று பலர் சொன்ன காலம். வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் வேறு ஒரு நொதிக்காகக் கிடைத்த மூலக்கூறை எடுத்துச் செதுக்கினார். ஓரிடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் பழைய நொதியின்மேல் இருந்த பிடி விட்டுப்போய், ஏபிஎல்மேல் பிடி நின்றது. ஆனால் அது தண்ணீரில் கரையாத பொருள், விழுங்கினால் பயனில்லை. மெத்தில் பைப்பரசீன் என்ற வாலை ஒட்டியதும் கரைந்தது. அது ஏன் ஏபிஎல்லை மட்டும் இப்படிப் பிடிக்கிறது என்பது 2000இல்தான் விளங்கியது. பட்டப்படிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி அமெரிக்காவுக்கு மாறிச் சென்ற ஜான் குரியன், நியூயார்க்கில் தம் குழுவோடு அந்தப் புரதத்தின் வடிவத்தை எக்ஸ்-கதிரால் படமெடுத்தார். விழித்திருக்கும்போது எல்லா நொதிகளும் ஒன்றுபோல் இருந்தாலும், தூங்கும்போது ஒவ்வொன்றின் கிடையும் வேறு. இமாட்டினிப் தூங்கும் ஏபிஎல்லைப் பிடித்து, எழவிடாமல் செய்கிறது.

மருந்து குடுவையை விட்டு வெளியே வரக் காரணமானவர் பிரையன் டிரக்கர். சி.எம்.எல். நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர். பாஸ்டனிலிருந்து ஒரேகானின் போர்ட்லாந்துக்கு 1993இல் வந்தவர். லைடன் அனுப்பிய வேதிப்பொருள்களை நோயாளிகளின் செல்கள்மேல் போட்டுப் பார்த்தார். அவற்றில் ஒன்று, பிழை உள்ள செல்கூட்டங்களில் 92 முதல் 98 விழுக்காடு வரை அழித்துவிட்டு, இயல்பான செல்களைத் தொடாமல் விட்டது. 1996இல் அந்த முடிவு வெளிவந்தது. அதே ஆண்டு சீபா-கெய்கி, சாண்டோஸுடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. மருந்து கொடுத்த நாய்களுக்கு ஈரல் கெட்டது. அமெரிக்காவிலேயே ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கு மட்டும் வரும் நோய்க்கு இவ்வளவு செலவு எதற்கு என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. டிரக்கர் விடவில்லை. 1998 ஜூனில் முதல் நோயாளி விழுங்கினார்.

முதல்கட்டச் சோதனையின் வேலை, எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று பார்ப்பதுதான். குணமாகும் என்று அதில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட, இன்டர்ஃபெரான் கைவிட்ட 54 பேரில் 53 பேருக்கு வெள்ளணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. செய்தி இணையம் வழியே நோயாளிகளிடையே பரவி, மருந்தை வேகமாகத் தயாரிக்கும்படி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு நிறுவனத் தலைவர் மேசைக்குப் போனது. 2001 மே 10 அன்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. விண்ணப்பித்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன். பின்னர் நீண்டகாலக் கணக்கெடுத்தபோது, முதலிலிருந்தே இதைச் சாப்பிட்டவர்களில் 83 விழுக்காட்டினர் பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள்.

மூலக்கூறைத் தேடிப் போன பயணம் இத்துடன் முடிந்தது. நோயாளியைத் தேடிப் போகும் பயணம் வேறு. அதன் திருப்புமுனைகளில் பாதிக்கு மேல் சென்னையில் நடந்தன என்பது சென்னைக்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்து செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005க்குள் அதை மாற்ற வேண்டியதாயிற்று. இடைக்காலத்தில் வரும் விண்ணப்பங்களைப் பிரிக்காமல் பெட்டியில் போட்டுவைத்தார்கள். 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் பெட்டியில் விழுந்தது இமாட்டினிப் மெசிலேட்டின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கான விண்ணப்பம். சிம்மர்மனின் மூல மூலக்கூறுக்கு 1993இலேயே வெளிநாடுகளில் காப்புரிமை கேட்டாகிவிட்டது. இந்தியாவில் அப்போது கேட்க வழியில்லை. எனவே இங்கே கேட்டது அந்த மருந்தின் உப்பினுடைய ஒரு படிகத்துக்கு.

2003இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களின் தயாரிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய ஜெனரிக் 8,000 முதல் 10,000 ரூபாய். நாள்தோறும், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து இது. நிறுவனம் மறுபக்கத்தில் தன் உதவித் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது. அதனால் பிழைத்தவர்கள் நிறையப் பேர், அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் இலவசப் பட்டியலில் இடம் கேட்டு வரிசையில் நிற்பதும், மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் நோயாளிக்கு ஒன்றாகத் தெரியாது. பட்டியல் அடுத்தவர் கையில் இருக்கிறது.

2005இல் திருத்தப்பட்ட சட்டத்தில் 3(டி) என்ற பிரிவு வந்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனைக் கூட்டினாலொழிய புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஜெனரிக் நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். உயிர்காக்கும் மருந்து குடிமக்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம் என்று தீர்ப்பு கருதியது. சென்னையிலேயே இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2009இல், படிகம் புதியதுதான், ஆனால் 3(டி)யைத் தாண்டவில்லை என்றது. கடைசியில் வழக்கு டெல்லி போய்ச் சேர்ந்தது.

உச்ச நீதிமன்றத்தில் வாதம் ஒரு படிகத்தைச் சுற்றியே நடந்தது. பீட்டா படிகம் நன்றாக ஓடும், ஈரம் உறிஞ்சாது, கெடாது, உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேரும் என்றது நிறுவனம். மருந்தின் பயன்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். மாத்திரை அடிக்கும் எந்திரத்துக்குள் தூள் எப்படி ஓடுகிறது என்பது அதில் சேராது. 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்வதால் குணமும் கூடியது என்று காட்டப்படவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் சொன்னது இதுதான். ஆராய்ச்சியின் குரல்வளையை நெரித்துவிட்டார்கள் என்று மருந்து உலகின் ஒரு பகுதி குற்றம் சாட்டியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிம்மர்மனின் மூலக்கூறு பரிசுக்குரிய கண்டுபிடிப்பு. அதன் படிகம் ஒரு தொழிற்சாலைச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் ஏகபோகம் கேட்டது அதிகப்படி.

தீர்ப்பு வந்த அதே 2013இல் ‘பிளட்’ என்ற மருத்துவ இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்கள் சேர்ந்து, விலை எல்லை மீறிவிட்டது என்று எழுதினார்கள். டிரக்கரும் அவர்களில் ஒருவர். ஆராய்ச்சிச் செலவை எப்போதோ எடுத்துவிட்ட மருந்துக்கு அமெரிக்காவில் ஆண்டு விலை 2001இல் சுமார் 26,000 டாலர். 2012இல் சுமார் 92,000 டாலர். 2016 பிப்ரவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு முதல் ஜெனரிக்கைக் கொண்டுபோனது இந்தியாவின் சன் ஃபார்மா. அதற்கு முந்தைய ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. இந்தியக் கடைகளில் விலை, வழக்கு நடந்த காலத்தைவிடப் பல மடங்கு இறங்கிவிட்டது.

இனி மாத்திரை வீட்டுக்குள் வருகிறது. அங்கே அது நாம் எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. ஏபிஎல்லோடு கிட் என்ற இன்னொரு நொதியையும் அது தடுக்கிறது. இரைப்பைக் குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்கு அதுவே மருந்தாக அமைந்தது ஒரு நல்விளைவு. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கும் கிட் தேவை. அதனால் கறுத்த மேனியுள்ளவர்களுக்கு மாதங்கள் போகப்போக நிறம் வெளுக்கிறது. சிவப்பழகு கிரீம் விற்றுத் தீர்க்கும் நாட்டில் இதைப் பக்கவிளைவு என்று சொன்னால் சிரிப்பார்கள். கண்ணுக்குக் கீழே வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் இவையும் சேர்ந்தே வருவதால் நோயாளி சிரிப்பதில்லை.

மேலைநாடுகளில் சி.எம்.எல். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களின் நோய். இந்தியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்களுக்கே அதிகம் வருகிறது. வேலைக்குப் போகிறவர், வரன் பார்க்கப்படுகிறவர், குழந்தை வேண்டுகிறவர். கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் நேரலாம் என்பதால் மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. தெம்பு திரும்பி, ஆள் பார்க்க நன்றாக ஆனதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. லண்டனில் மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்லாமலே எண்ணினார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் தவறாமல் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் நோய் ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. மற்றவர்களில் பத்தில் மூன்று பேருக்குக்கூட அப்படி இறங்கவில்லை.

அந்த ஆயிரத்தில் ஒரு பங்கை அளப்பதுதான் இன்று சிகிச்சையின் பாதி. வெள்ளணு எண்ணிக்கை இயல்பாகிவிட்டது என்று நிறுத்திக்கொள்ள முடியாது. இரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் பிரதிகள் எத்தனை மிச்சம் என்று மாதங்கள்தோறும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் 10 விழுக்காட்டுக்குக் கீழ், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று படிகள் இருக்கின்றன. இறங்காவிட்டால், ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று முதலில் கேட்பார்கள். சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால் ஏபிஎல் மரபணுவிலேயே புதிய பிழை வந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பார்கள். 315ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் இமாட்டினிப் உட்காரும் இடமே அடைபட்டுவிடும். அடுத்த தலைமுறை மருந்துகளான டசாட்டினிப், நிலோட்டினிப்பும் அங்கே செல்லாது, பொனாட்டினிப் போன்ற வேறு மருந்தைத் தேட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அளவைக் கூட்டும் வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்காரரின் திசுவை முதலில் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்தை அப்புறம் முடிவு செய்யும் இன்றைய வழக்கமும் இந்தப் பாதையில் வந்ததுதான்.

வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என்று சி.எம்.எல்.காரர்கள் கையில் கோப்போடு பேருந்து ஏறுவது மாத்திரைக்காக மட்டும் இல்லை. அந்த ஒரு எண்ணுக்காகவும்தான். மாத்திரையின் விலை இறங்கிவிட்ட நாட்டில் பரிசோதனையின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஒரு மாத மாத்திரையைவிட ஒரு பரிசோதனைக்குக் கூடுதலாகச் செலவாவது சாதாரணம். அதற்காக வழக்குப் போடவும் வழியில்லை. அங்கே காப்புரிமைக்காரர் யாரும் எதிரே நிற்கவில்லை, கருவியும் வேதிப்பொருளும் பயிற்சி பெற்ற ஆட்களும்தான் வேண்டும்.

2010இல் பிரான்ஸிலிருந்து ஒரு முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பரிசோதனையில் நோயே தென்படாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பியது. மீண்டும் மாத்திரை சாப்பிட்டதும் அடங்கியது. ஆயுள் முழுக்க என்று சொல்லி வந்த மருந்தைச் சிலராவது விட்டுவிடலாம் என்று ஆனது. குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் முப்பது வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு: நிறுத்திய பிறகு தொடக்க மாதங்களில் மாதம் தவறாமல் அந்தப் பரிசோதனை செய்ய வேண்டும், முடிவும் தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். அதற்கு வசதியில்லாத ஊர்க்காரருக்கு மருத்துவர் நிறுத்தச் சொல்ல மாட்டார். அவருடைய சீட்டில் 400 மில்லிகிராம் தொடரும்.